சக்கை வரட்டிக்கு அடியில்

கல்ஃபில் இருக்கும் கணவருக்கு ஒரு பார்சல் அனுப்புவதற்காக நான் படித்த அளவுக்கு பி.எட். பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை. அந்த நாட்டுக்கு எதையெல்லாம் அனுப்பக்கூடாது என்று நம் தபால்துறை சொல்வதை முதலில் படித்தேன். பிறகு அந்த நாட்டுச் சுங்கத்துறை சொல்வதைப் படித்தேன். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் எது கடுமையாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். திரவம் கூடாது. பேட்டரி கூடாது. விதை கூடாது. பெயர்ச்சீட்டு இல்லாத மருந்து எந்த வடிவத்திலும் கூடாது. கசகசா கூடவே கூடாது, அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. படித்ததையெல்லாம் சாப்பிடும் நேரத்தில் வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாமியாரும், இரண்டு வீடு தள்ளி இருக்கும் மைனியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மைனி என்றால் என் கணவரின் அக்கா.

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில், எங்கள் பக்கத்தில் யாரும் கல்ஃபுக்குத் தபாலில் பார்சல் அனுப்புவதில்லை. லீவில் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்து விடுவதுதான் வழக்கம். ஒருவர் கிளம்புகிறார் என்றால் அவர் வீட்டு முற்றத்தில் நாலு வீட்டுப் பொட்டலங்கள் வந்து சேர்ந்துவிடும். ஊறுகாய், முறுக்கு, துவைத்து மடித்த கைலி, ஒரு குப்பி எண்ணெய். அதை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. ஆனால் குன்னத்துகால் பக்கத்து ஆள் ஒருவர், இன்னொருவர் கொடுத்த பொட்டலத்தை என்னவென்று பார்க்காமல் கொண்டுபோய் அங்கே விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார் என்று ஒரு பேச்சு வந்தது. அதற்குப் பிறகு மூடி போட்ட குப்பியைக் கண்டாலே எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சமயத்தில் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரரும் என் மாமியாரிடம், "சேச்சி, துணிமணி எண்ணா தாருங்க. தின்னுக சாதனம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

தபாலில் அனுப்பலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். இதை ஒளிப்பதற்கில்லை.

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. கணவர் அங்கே ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்க்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து லீவுக் கணக்கில்தான் நாங்கள் சேர்ந்து இருந்திருக்கிறோம். அந்த வருடம் அவரை சூப்பர்வைசராக ஆக்கியிருந்தார்கள். அந்தப் பதவிக்குத்தான் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளும் விசா உண்டு. எனக்கும் மகளுக்கும் காகிதங்கள் கொடுத்தாகிவிட்டது. மகளுக்கு அப்போது மூன்று வயது ஆகப்போகிற சமயம். அவளுக்கு அப்பா என்றால் போன். போனைச் சார்ஜில் போட்டால், "அப்பா ஒறங்குது" என்று சொல்லி யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். அந்த விசா வந்துவிட வேண்டும், அவள் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். வேறு எதையும் நான் அப்போது கேட்கவில்லை. அதனால் அந்த நாட்டுக்காரர்கள் முகம் சுளிக்கும்படி ஒரு கடுகுகூட என் கையிலிருந்து போய்விடக்கூடாது என்று நினைத்தேன்.

பார்சல் வேண்டும் என்று கேட்டது அவர். சக்கைக் காலம் முடியப் போகிறது, சக்கை வரட்டி தின்ன ஆசையாக இருக்கிறது என்றார். "ரெண்டு குப்பியா அனுப்பு. ஒண்ணு போராது" என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

சக்கை என்றால் பலா. பழுத்த சக்கைச் சுளையை அரைத்து, சர்க்கரைப் பாகும் நெய்யும் விட்டு, உருளியின் அடி தெரியும்வரை கிண்டியெடுப்பதுதான் வரட்டி. கறுத்து, மினுமினுத்து, கரண்டியில் எடுத்தால் விழாது. மாமியாரும் நானும் மாறி மாறிக் கிண்டினோம். கூடவே இறைச்சி மசாலாவும் திரித்து அனுப்பலாம் என்று மாமியார் வறுக்கத் தொடங்கினார். சட்டியில் கசகசாவைக் கண்டதும் நான் அடுப்பை அணைத்தேன்.

"மாமி, இது கூடாதுண்ணு வாசிச்சேன் இல்லியா."

"ஒரு நுள்ளு கசகசாவுக்கா?"

"ஒரு நுள்ளா இருந்தாலும் ஜெயில்தான்."

"பின்ன அந்த நாட்டுக்காரன் குருமா எப்பிடி வைக்கான்?"

மைனி சிரித்தாள். "அம்மா, அவ பறையறத கேளு. அவளுக்கு வெப்ராளம் வந்தா பின்ன இந்த வீட்டுல யாரும் ஒறங்க முடியாது." பதற்றத்துக்கு எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்பார்கள். அந்த வீட்டில் அது என் இன்னொரு பெயர்.

மாமியார் சட்டியைக் கொட்டிவிட்டு வேறு மல்லி வறுத்தார். "படிச்ச பிள்ள சொல்லுதா. கேட்டுத்தானே ஆவணும்" என்றார். அதில் குத்தல் இருந்ததா, அன்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பேச்சில் எனக்கு எப்போதும் அது தெரிவதில்லை.

இரண்டு குப்பிகளையும் வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, வரட்டியை நிரப்பி மூடினேன். பெயர் எழுதி ஒட்டினேன். அகலமான ஒட்டுநாடா வீட்டில் இல்லை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, பாறசாலை ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது மாமியார் எனக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு கிண்ணத்தில் சக்கை வரட்டி வைத்திருந்தார். உருளியில் மிச்சம் இருந்ததாம். நான் நன்றாகத் தின்றேன். மகள் கிண்ணத்தை நக்கினாள்.

மறுநாள் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். வெளிநாட்டுப் பார்சலுக்கு அங்கேயுள்ள பெரிய தபால் அலுவலகம்தான். பெட்டியை ஒட்டாமல் கொண்டு வரவேண்டும், அவர்கள் பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்பதையும் படித்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். கைலி, மசாலா, மகளின் கையில் சாயம் தடவிப் பதித்த ஒரு அட்டை. ஒரு குப்பியைத் திறந்து மணம் பார்த்தாள். "சக்க வரட்டியதல்லே" என்று சொல்லி, எச்சிலை விழுங்கினாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு எடை, எவ்வளவு மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியிருந்தது. வீட்டில் செய்த பலாப்பழ இனிப்பு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் கீழே, ஆபத்தானதோ தடைசெய்யப்பட்டதோ எதுவும் இதில் இல்லை என்று நான் உறுதி கூறுகிறேன் என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். போட்ட பிறகும், குழப்பம் ஒன்றும் இல்லையே என்று அவளிடம் கேட்டேன். "சேச்சி, இத்ரயும் நோக்கிட்டு இவிடெ ஆரும் வந்நிட்டில்லா" என்றாள். இவ்வளவு பார்த்து இங்கே யாரும் வந்ததில்லையாம். பஸ்ஸில் திரும்பும்போது அந்த வார்த்தையை நான் பலமுறை நினைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது.

பார்சல் எங்கே இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொச்சியைத் தாண்டியது. அந்த நாட்டில் இறங்கியது. பிறகு, சுங்கத்தில் நிறுத்தப்பட்டுள்ளது என்று வந்தது. அந்த வரி மாறவே இல்லை. கணவரிடம் சொன்னபோது, "அது சாதாரணம் எடி. நீ சும்மா இரி" என்றார். குரலில் ஏதோ இருந்தது. அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஒரு பகலில் அவர் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவருக்கு வேலை. போனை எடுத்ததும் அவர் மலையாளத்தில் பேசினார்.

"நீ ஆ குப்பியில் எந்தா வெச்சது?"

அந்தக் குப்பியில் நீ என்ன வைத்தாய் என்று. எங்களுக்கு மலையாளம் தண்ணீர் மாதிரிதான். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததும் மலையாளம். ஆனால் வீட்டுக்குள் நாங்கள் இருவரும் ஒரு நாளும் மலையாளத்தில் பேசிக்கொண்டதில்லை. சண்டையிலும் இல்லை. யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள், அவர் பேசுவது அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று விளங்கியது. போன் சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்தார். பின்னால், சுங்க அதிகாரியாக இருக்க வேண்டும், ஒரு ஆண் குரல் அரபியில் ஏதோ கேட்க, இன்னொரு குரல் அதை மலையாளத்தில் சொன்னது. ஒரு குப்பியில் மேலே பலாப்பழ இனிப்பு இருக்கிறது, அடியில் வேறு ஏதோ இருக்கிறது, அதில் கசகசா கலந்திருக்கிறது, மறைத்து வைத்தது யார் என்று கேட்கிறார்கள்.

எனக்குத் தெரியாது என்றேன். கணவர் மறுபடியும் கேட்டார். "நீயல்லே பேக்கு செய்தது?" ஆமாம், நான்தான் கட்டினேன். எனக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பாத்திரம் உடைந்தால், நான் அந்த அறையில் இல்லாவிட்டாலும், நான்தான் ஓரத்தில் வைத்திருப்பேனோ என்று யோசிப்பேன். அந்த நேரத்திலும் அதுதான் நடந்தது. கசகசா வறுத்த சட்டி நினைவுக்கு வந்தது. அந்தக் கரண்டியை நான் கழுவினேனா. "என்டே கையில் நின்னு பற்றியதாயிரிக்கும்" என்று சொல்லிவிட்டேன். என் கையிலிருந்து தவறியிருக்கும் என்று.

கணவர் பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்வது கேட்டது. "கேட்டில்லே. பார்யக்கு அறியாதெ பற்றியதா." மனைவிக்குத் தெரியாமல் நேர்ந்ததாம். போன் வைக்கப்பட்டது.

அன்று முழுதும் நான் அடுக்களையில் இருந்தேன். ஒவ்வொரு கரண்டியையும் எடுத்துப் பார்த்தேன். கரண்டியில் ஒட்டியிருந்த கசகசா எப்படி ஒரு குப்பியின் அடியில் மட்டும் போய் உட்காரும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "மாமி, நான் கடைக்குப் போனப்ப அந்தக் குப்பி திறந்து கெடந்துதா? யாரும் எடுத்தினுமா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன தெரியும் மக்கா" என்றார். "நீ தானே மூடி போட்ட."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் சாப்பிடாமல் கிடந்தேன். மறுநாள் மைனி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீ என்னத்துக்கு மக்கா இப்பிடி கெடக்க? அவன விட்டாச்சு. கடவுள் புண்ணியத்துல கேசு ஒண்ணும் இல்ல. எழும்பி கஞ்சி குடி. உன் தப்பு இல்ல ஆக்கும்."

"பின்ன யாரு தப்பு மைனி?"

அவள் கையை எடுத்துவிட்டாள். "அம்மா உனக்கிட்ட பறஞ்சில்லியா?"

"என்ன?"

"ஓ. நான் போறேன். அடுப்புல பாலு கெடக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் அப்படி யார் கையையும் பிடிக்கிறவள் இல்லை. அவள் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

என் கணவருக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும்போது நடு பிடித்துக்கொண்டது. இடுப்பை எங்கள் ஊரில் நடு என்போம். குனிய முடியவில்லை, படுத்தால் திரும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். முதுகு போன ஆளை சூப்பர்வைசராக வைத்திருக்க மாட்டார்கள். அதனால் அம்மாவிடம் சொன்னார். மாமியார், சாவு வீட்டுக்குப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு, குன்னத்துகால் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வர்ம ஆசானிடம் போய் லேகியம் வாங்கி வந்தார். எங்கள் ஊரில் எலும்பு பிசகினால், நரம்பு இழுத்தால் ஆசானிடம்தான் போவோம். லேகியத்தில் என்னென்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. தூக்கம் வர வேண்டும் என்று கசகசாவை அரைத்துச் சேர்ப்பாராம். அது மைனிக்கும் பிறகுதான் தெரிந்ததாம். நான் ஒட்டுநாடா வாங்கப் போன நேரத்தில், ஒரு குப்பியைப் பாதி காலி செய்து, அடியில் லேகியத்தை வைத்து, மேலே வரட்டியைப் பூசி மூடியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே கறுப்பு. வழித்தெடுத்த வரட்டிதான் என் கிண்ணத்திலும் மகளின் கிண்ணத்திலும் வந்தது.

"யாரு சொன்னா அப்பிடி வைக்கச் சொல்லி?"

மைனி தரையைப் பார்த்தாள். "அவன்தான். பின்ன வேற யாரு. அவகிட்ட பறயாண்டாம், அவ வைக்க சம்மதிக்க மாட்டாண்ணு."

மாமியார் கதவருகில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"என் பிள்ள அங்க நடு ஒடிஞ்சு கெடந்தான்" என்றார். "உனக்குத் தெரியுமா அது?"

"எனக்கு யாரும் சொல்லல்லியே மாமி."

"சொன்னா நீ என்ன செய்திருப்ப? ஒரு பேப்பர எடுத்துக்கிட்டு வந்து அது கூடாது இது கூடாதுண்ணு வாசிச்சிருப்ப. அவனுக்கு மருந்து வேணும். பேப்பரா வேணும்?"

"நேத்து நான் கேட்டப்ப, நீதானே மூடி போட்டண்ணு சொன்னிய."

"நீதானே போட்ட" என்றார். அவர் கண்ணில் வெட்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். பயம்தான் இருந்தது. மகனைப் பற்றிய பயம். அதைப் பார்த்த பிறகு என்னால் சத்தம் போட முடியவில்லை. போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். தமிழில் பேசினார். அறையில் தனியாக இருந்தார். மகளைக் கேட்டார், மழை உண்டா என்று கேட்டார். மழை இல்லை என்று மட்டும் சொன்னேன்.

"அக்கா பறஞ்சாளாக்கும்" என்றார்.

"உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுகிட்டு அவிய முன்னால என்கிட்ட எந்தா வெச்சதுண்ணு கேட்டிய."

"வேற என்ன செய்யச் சொல்ற? நான் வைக்கச் சொன்னேண்ணு சொல்லணுமா? அப்பவே கையில விலங்கு மாட்டியிருப்பான். நீ அங்க இருக்க. உன்ன யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. நான் இங்க இருக்கேன்."

"எனக்கு முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே இல்லாதபடி கேட்டார்.

"உனக்கும் பிள்ளைக்கும் வேண்டித்தான் எடி. நடு போச்சுண்ணு தெரிஞ்சா இந்த வேல போவும். வேல போனா விசா எங்க?"

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அவர் குனிய முடியாமல் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பதை நினைத்தேன். எத்தனையோ தடவை வீடியோவில் பார்த்தபோதும் அவர் படுத்துக்கொண்டே பேசியது நினைவுக்கு வந்தது. களைப்பு என்று நினைத்திருந்தேன். என் மேலேயே கோபம் வந்தது. பிறகு, எனக்குத் தெரியக்கூடாது என்று மூன்று பேர் சேர்ந்து வைத்த ஒன்றை நான் கண்டுபிடிக்கவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன் என்பது புரிந்தது. அழுகை நின்றுவிட்டது.

அவர் கூப்பிட்டது இதற்காக மட்டும் இல்லை. கம்பெனியில் அரசாங்கக் காரியங்களைக் கவனிக்கும் ஆள் ஒரு வழி சொல்லியிருந்தார். அனுப்பியவர் எழுத்தில் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும். சட்டம் தெரியாமல் நான் வைத்துவிட்டேன், என் கணவருக்கு இதில் எதுவும் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"அப்போ என் விசா?" என்று கேட்டேன்.

அவர் எழுந்து ஏசியைக் குறைக்கிற சத்தம் கேட்டது.

"அது பெறகு பாக்கலாம். மொதல்ல வேல போவாம நிக்கட்டு."

எழுதித் தந்தேன். வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் நான்தான். சட்டம் தெரியாமல் என்று எழுதும்போது பேனா நின்றது. அந்தச் சட்டத்தை என்னளவுக்குப் படித்தவள் பாறசாலையில் இருக்க மாட்டாள். உண்மையை எழுதிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. எழுதினால் யார் உள்ளே போவார் என்பதும் தோன்றியது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு காகிதத்தில் அவளும் கிறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்தார். அவர் எனக்குச் சாயா போட்டுத் தருவது வழக்கமில்லை. கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். கணவர் பார்த்துவிட்டு, என் கணவருக்கு எதுவும் தெரியாது என்ற வரியில் 'முற்றிலும்' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்து, மறுபடியும் எழுதி அனுப்பினேன்.

அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பார்சலை அழித்துவிட்டார்கள், மகளின் கை பதித்த அட்டையையும் சேர்த்து. வேலை தப்பியது. எங்கள் குடும்ப விசாவை நிறுத்தி வைத்தார்கள். மனைவியின் பெயரில் ஒரு புகார் பதிவாகியிருப்பதால் இப்போதைக்கு முடியாது என்று சொன்னார்களாம். கணவர் இதை எனக்குச் சொன்ன விதம், திருவனந்தபுரம் பஸ் இன்றைக்கு நம் ஸ்டாப்பில் நிற்காதாம் என்று சொல்வது போல இருந்தது. அவருக்கும் வருத்தம் இருந்திருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் எல்லோரும் என்னிடம் அன்பாக இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. மீன் துண்டில் பெரியது எனக்கு வந்தது. மைனி மகளைக் குளிப்பாட்டினாள். ஆனால் வெளியே போன கதை வேறு. மருமகள் தெரியாமல் ஏதோ அனுப்பிவிட்டாள், பாவம் பிள்ளை மாட்டிக்கொண்டான் என்றுதான் ஊரில் பேச்சு. மாமியார் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாராவது சொல்லும்போது திருத்தவும் இல்லை. ரேஷன் கடையில் நான் வரிசையில் நிற்கிறேன் என்று தெரியாமல் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "பி.எட்டு படிச்சவளாம். கல்ஃபுக்கு என்ன அனுப்பணும்ணு தெரியாத பி.எட்டு" என்றாள். திரும்பி என்னைக் கண்டதும், "அய்யோ மக்கா, நீயா. சும்மா பறஞ்சதாக்கும்" என்று சிரித்தாள். பஸ் ஸ்டாப்பில் வயதில் மூத்த ஒருவர், "எலே, அந்தப் பிள்ளகிட்ட சக்கை வரட்டி வாங்கித் தின்னாத. ரெண்டு நாளு எழும்ப மாட்ட" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திருப்புறத்தில் இருக்கும் என் அம்மாவிடம்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் வந்து கேட்பான். கேட்டால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால் அங்கே போய்ச் சேரும். அம்மா என்னிடம், "நீ எப்பவும் எல்லாத்தையும் ஒம்பது தடவ பாக்கிறவளாச்சே. இது மட்டும் எப்பிடி மக்கா விட்டுப்போச்சு?" என்று கேட்டாள். விட்டுப்போச்சு அம்மா என்றேன். என் அம்மா நம்பினாள். அவளும் நம்பினாள் என்பது எனக்குப் பெரிய வலியாக இருந்தது.

அடுத்த ஜூனில் மகளைப் பாறசாலையிலேயே ஒரு பள்ளியில் நர்சரியில் சேர்த்தேன். பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாக எனக்கும் வேலை கிடைத்தது. காலையில் இருவரும் சேர்ந்து கிளம்புகிறோம். கணவர் ஒரு தடவை லீவில் வந்துவிட்டுப் போனார். மகள் முதலில் அவரைக் கண்டு என் பின்னால் ஒளிந்தாள், பிறகு இறங்கவே மாட்டேன் என்றாள். அவளைத் தூக்கும்போது அவர் முகம் வலியில் சுருங்கியதைப் பார்த்தேன். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் இல்ல" என்றார். நான் மேலே கேட்கவில்லை. அவர் சொல்வது உண்மையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது என்பது இப்போது எனக்குத் தெரியும்.

போன மாதம் அவர் சந்தோஷமாகக் கூப்பிட்டார். கம்பெனி பேசிப் பார்த்ததில், விசாவுக்கு மறுபடியும் காகிதம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். என் பாஸ்போர்ட், மகளின் பாஸ்போர்ட், இரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். புதிய போட்டோ வேண்டும். கூடவே ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும், முன்பு அறியாமல் செய்த தவறை இனிமேல் செய்ய மாட்டேன் என்று.

"நாளைக்கே அனுப்பிரு" என்றார்.

"செரி" என்றேன்.

எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன் என்று நினைத்தேன். மகளிடம் சொன்னால் குதிப்பாள். அவளிடம் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுகள் அலமாரியில் என் புடவைகளுக்கு நடுவே இருக்கின்றன. ஸ்டேஷன் ரோட்டில் ஸ்கேன் செய்யும் கடை நான் பள்ளிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. கடைக்காரர் என்னைக் கண்டால் தலையாட்டுவார். தினமும் கடந்து போகிறேன்.

அவளுக்கு அப்பா வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய அறையில், அவருடைய காகிதத்தில், அறியாமல் தவறு செய்தவளாகப் போய் இறங்குவது எப்படி இருக்கும் என்றும் யோசிக்கிறேன். அங்கே போய் ஏதாவது ஒன்று நடந்தால், மறுபடியும் யாரோ பக்கத்தில் இருக்கும்போது அவர் என்னிடம் மலையாளத்தில் பேசுவாரா என்று யோசிக்கிறேன். ஒருவேளை நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா என்றும் தோன்றுகிறது. மைனி கேட்டால் அப்படித்தான் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. கூப்பிட்டதும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"அனுப்பினியா?"

"கடையில மெஷீன் கேடு" என்றேன். "சரியாக்கின பெறகு வரச் சொன்னாரு."

அவர் நம்பினார். வேறு கடை இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் நான் சொன்னதை அவர் ஒருமுறைகூடச் சந்தேகப்பட்டதில்லை. மகள் போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பாடிக் காட்டினாள். நான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.